உன் மனைவியின் எம்.பி.

மச்சான்,

இன்று மத்தியானம் பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சியில் லண்டன் பாராளுமன்றத்தைக் காட்டினார்கள். பச்சை இருக்கைகளில் எதிரெதிரே இருந்து கத்தினார்கள்.

"சனம் வாக்குப் போடாமல் எப்பிடி அங்கை பிரதமர் மாறுது?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"சனம் தங்கடை தொகுதி எம்.பி.யைத்தான் தெரிவு செய்யும். ஆருக்குப் பின்னாலை கூடுதலான எம்.பி.மார் நிக்கினமோ, அவர் பிரதமர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உன் வசனம்.

இதே கடைக் குசினியில்தான் இருவரும் கோப்பை கழுவினோம். போரில் பிரிந்து, நீ இங்கேயும் உன் மனைவி லண்டனிலும் ஒதுங்கினீர்கள். அகதி வழக்கு முடியாமல் அவளால் அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாது. நீ போகக் கேட்ட விசாவை இரண்டு முறை மறுத்தார்கள். கடல் தாண்ட, கலேத் துறைமுகத்தில் கள்ளமாக லொறி ஏற ஆள் பிடித்தாய். நான்தான் மறித்தேன்.

"சட்டப்படி போ மச்சான். பொறு."

பொறுத்தாய். பிரிட்டிஷ் அரசியலை அரிச்சுவடியிலிருந்து படித்தாய். மன்னர் கையெழுத்து வைப்பார், ஆளமாட்டார். பிரபுக்கள் சபை சட்டத்தைத் தாமதப்படுத்தும், பெரும்பாலும் தடுக்காது. உனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: "வாக்கு இல்லாட்டிலும் தொகுதியிலை இருக்கிற ஆள் எம்.பி.யைப் பாக்கலாம். அவர் மந்திரியைக் கேப்பார். மந்திரி மறுமொழி சொல்லோணும்."

எம்.பி. சனத்தைச் சந்திக்கும் நூலகத்தில் உன் மனைவி வரிசையில் நின்று அவரைக் கண்டாள். அவர் மந்திரிக்கு எழுதினார். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதுவதற்குள் பிரதமர் திடீரெனத் தேர்தலை அறிவித்தார். பாராளுமன்றம் கலைந்தால் எம்.பி. எவரும் எம்.பி. இல்லை. அவளுடைய எம்.பி. அந்தத் தேர்தலில் தோற்றும் போனார்.

"முதல்லை இருந்து தொடங்கோணுமாம்" என்று சிரித்தாய். இரண்டு கிழமையில் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோப் படியில் நெஞ்சைப் பிடித்தபடி குந்தினாய். எழும்பவில்லை. உன் செத்தவீட்டை அவள் என் கைப்பேசியில்தான் பார்த்தாள்.

அவள் முன்பே கொடுத்திருந்த மனுவைப் பார்த்து, போன மாதம் புதிய எம்.பி. அவளுக்கு எழுதினார்: உங்கள் கணவரின் விசா பற்றி மந்திரியிடம் கேட்கவா?

"ஆள் இல்லை எண்டு எழுதிவிடு, பிள்ளை" என்றேன்.

"எழுதுறன் அண்ணை. ஆனாலும் கேக்கச் சொல்லித்தான் எழுதுறன். ஏன் விடேல்லை எண்டு மந்திரி எனக்குச் சொல்லட்டும்."

அவளுக்குக் கேட்க ஒரு மந்திரியாவது இருக்கிறார். உன்னைப் பொறுக்கச் சொன்னவன் நான். என்னிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை, மச்சான். அவள்கூட.