ஒரு சிட்டிகை ஆப்பசோடா

தாராவி, மும்பை
3.6.2024

அன்புள்ள சஃபீனாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். உன் பழைய நம்பர் இப்போது உல்லாஸ்நகரில் ஒரு சிந்திக்காரரிடம் இருக்கிறது. இரண்டு முறை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதனால் உன் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து, அதிலிருந்த ஆம்பூர் முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் நிக்காஹ் நடந்த அன்றுதான் நமக்குக் கடைசி மைக்ரோபயாலஜி பிராக்டிகல். நம் மேஜையில் நான் தனியாக நின்றேன். சாயம் ஊற்றுவது எப்போதும் நீதானே, அன்று என் முழங்கை வரை ஊதா. பிறகு ரிசல்ட் வந்தது, நான் பாஸ். உனக்கு அதை எப்படி எழுதுவது? ‘நாளைக்கு எழுதலாம்’ என்றே இரண்டு வருஷம் போய்விட்டது.

இப்போது ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். மறைக்கவில்லை. செம்பூரில் ஒரு பியர் கடையில் வேலை. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடம். பின்பக்கம் சின்ன லேப், அதில் நான். அம்மாவிடம் ‘லேப்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். போன வாரம் வாசலிலேயே பிடித்துவிட்டாள். “ஏளா, வாயெல்லாம் என்ன புளிச்ச வாடை?” மோர் என்றேன்.

வாடை ஒரு பழுப்பு பியருடையது. பெல்ஜியத்தில் ஃபிளெமிஷ்காரர்கள் செய்கிற மாதிரி, பாக்டீரியாவைச் சேர்த்து வேண்டுமென்றே புளிக்க வைப்பது. ஏழு மாதம் டேங்கில் கிடந்தது. கறுப்பட்டிப் பாகின் நிறம். முகர்ந்தால் ஊறிய பேரீச்சை, அதன் ஓரத்தில் கொஞ்சம் வினிகர். ருசி பார்க்க நாலு பேரைக் கூப்பிட்டார் ஷ்ரவண் சார், மாட்டுங்காக்காரர், காய்ச்சுவது அவர்தான். எல்லார் முன்னாலும் துப்பக் கூச்சமாக இருந்தது. விழுங்கிவிட்டேன். நாக்கில் இருக்கும்வரை நன்றாகத்தான் இருந்தது. விழுங்கிய பிறகு மனசுக்குள் எட்டு எண்ணியிருப்பேன், பின்தொண்டையில் ஒரு வாடை எழும்பியது. எங்கள் ரேஷன் அரிசி டின்னுக்குப் பின்னால் எலி குட்டி போட்டிருந்ததே, நீகூடப் பார்த்தாய், அதே வாடை.

சொன்னேன். மற்ற மூன்று பேருக்கும் தெரியவில்லை. “நன்னாத்தானே இருக்கு? உனக்குப் புளிப்புப் பழக்கமில்லைம்மா, அவ்ளோதான்” என்றார் சார். இன்னொருவர், “அரே, தாராவி மே சூஹா ஹை, பியர் மே நஹீ” என்றார், எலி தாராவியில்தானாம், பியரில் இல்லையாம். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த மாதக் கடைசியில் விருந்தினர்களுக்கு ஊற்றப் போகிறார்கள். என் வேலையும் இன்னும் நிரந்தரமில்லை. அந்த வாடை எனக்கு மட்டும் ஏன் தெரிகிறது? அதுவும் விழுங்கிய பிறகு? இதைக் கேட்க உன்னைத் தவிர யாரும் இல்லை.

அன்புடன்,
சாதனா

*

ஆம்பூர்
14.6.2024

சாதனாவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து ஒரு தோழி எழுதுகிறாள், பிள்ளை உண்டா என்று கேட்கவில்லை, எலி வாடையைப் பற்றிக் கேட்கிறாள். ஏட்டி, வேறு யாராவது இருந்தால் கவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிள்ளை இல்லை. நலமாக இருக்கிறேன். உன் ரிசல்ட்டை நான் அன்றைக்கே இணையத்தில் பார்த்தேன். என் நம்பருக்கு நேராக ‘வரவில்லை’ என்று இருந்தது. உன் நம்பருக்காகத்தான் தேடினேன்.

ஹராமான ஒன்றைப் பற்றி என்னிடம் கேட்கிறாயே என்று முதலில் கடிதத்தை மூடி வைத்தேன். பிறகு, வாடையைத்தானே கேட்கிறாள், குடிக்கச் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன். மத்தியானம் முழுவதும் அடுப்படியில் அதே யோசனை. குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது.

எனக்குத் தோன்றுவது இது. புளிப்பு இருக்கும்வரை அந்த வாடைப்பொருள் பியருக்குள் அடங்கிக் கிடக்கிறது, ஆவியாகி மேலே வருவதில்லை. விழுங்கிய பிறகு எச்சில் புளிப்பை முறிக்கிறது. அப்போதுதான் கிளம்புகிறது. எச்சில் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. உன் மூக்கில் கோளாறு இல்லை.

நான் சொல்வது சரியா என்று பார்க்க யாரும் குடிக்க வேண்டாம். இரண்டு கிளாஸில் ஊற்று. ஒன்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடு. பொங்கும், தள்ளி நில். அடங்கியதும் இரண்டையும் முகரச் சொல். சிரித்தவர்களுக்கு முதலில் கொடு.

புது நம்பர் தர மாட்டேன். போனில் நீ ‘ம்’ மட்டும் சொல்வாய். தாளில்தான் உனக்கு வாய் திறக்கும்.

சஃபீனா

*

தாராவி
26.6.2024

அன்புள்ள சஃபீனா,

பொங்கியது. மேஜை, என் கோட்டு, சாரின் ஃபோன் எல்லாம் நனைந்தது. சோடா போட்ட கிளாஸை எடுத்து முகர்ந்த சார் தலையைப் பின்னால் இழுத்தார். “ஐயய்யோ, எலிப்பொந்து!” பிறகு சிரித்தவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவர் வாசல் பக்கம் போய் நின்றார்.

விருந்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். காற்றுப் படாமல் இன்னும் சில மாதம் விட்டால் அந்த வாடை தானாக அடங்கவும் கூடுமாம். பார்க்கலாம் என்கிறார் சார். என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்தும் போட்டார்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை. “யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இதை?” என்று சார் எல்லார் முன்னாலும் கேட்டார். நான், “காலேஜில் படிச்சது சார்” என்றேன். கை தட்டினார்கள். குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கும்வரை அந்தக் கைதட்டல் காதில் கேட்டது, அது எனக்குரியதில்லை என்பதும் தெரிந்தது. பரீட்சையிலும் நான் தனியாகப் பாஸ் செய்தேன். இப்போதும் தனியாக.

உனக்கு எது எழுதத் தோன்றுகிறதோ எழுது.

சாதனா

*

தாராவி
20.7.2024

அன்புள்ள சஃபீனா,

தபால்காரரைப் பார்த்தாலே அம்மா, “ஒனக்கு ஒண்ணும் இல்லையாம்” என்று முந்திக்கொள்கிறாள். இருபத்துநாலு நாள் ஆகிறது. திட்டியாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

நேற்று சாரிடம் சொல்லிவிட்டேன். காலையிலிருந்து மூன்று முறை அவர் அறை வரை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அவரே கேட்டார், “என்னம்மா, சம்பளமா?” “இல்ல சார். அந்தச் சோடா என்னோடது இல்ல. என் ஃபிரண்டு சஃபீனாவோடது.”

“அவ எங்கே வேலை பாக்கறா?”

“ஆம்பூர்ல வீட்ல இருக்கா சார்.”

சார் எழுந்தார். பிறகு மார்க்கரை எடுத்துக்கொண்டு லேப்புக்கு வந்து, சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில், சோதனைகளின் வரிசையில், தன் கையாலேயே எழுதினார்: ‘சஃபீனா டெஸ்ட்’. இனிப் புளித்த பியர் எதுவானாலும் அது முடியாமல் டேங்கைத் திறக்கக் கூடாதாம். அன்றைக்குச் சிரித்தாரே, அவர்தான் இன்று காலை கத்தினார், “சஃபீனா ஹோ கயா க்யா?”, சஃபீனா ஆயிற்றா என்று. இடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் நின்று படிக்கிறார்கள்.

உனக்குச் சேர வேண்டியதை உன் பெயரில் சேர்த்துவிட்டேன். இனியாவது எழுது.

உன்
சாதனா

*

ஆம்பூர்
2.8.2024

அன்புள்ள சாதனா,

உன் இரண்டாவது கடிதம் வந்தபோது எனக்குக் கோபம்தான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? யோசித்தவள் இங்கே தோசை திருப்பிக்கொண்டிருக்கிறாள், கைதட்டல் அங்கே விழுகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன். வந்த வார்த்தைகளை உனக்கு அனுப்ப மனமில்லை.

அடுத்த கடிதத்தை நான் பிரிக்கவில்லை. என் மாமியார் பிரித்தார். பெயர் நூர் நிஷா, குரல் பள்ளிவாசல் வரை கேட்கும். வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாகப் படித்தார். “யாரு புள்ள இந்தச் சாதனா? சாராயக் கடைச் செவுத்துல உன் பேரை எழுதி வச்சிருக்காளாமே! பேரு எழுத இவளுக்கு வேற எடமே கெடைக்கலயா?” அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அடிப்பாவி, தினமும் ஐந்து வேளை தொழுகிறவள் நான். என் பெயரைச் சொல்லியா அங்கே டேங்க் திறக்கிறார்கள்?

சாயங்காலம் மாமியார் தனியாக வந்தார். “சரி, அந்தச் சோடாவைப் போட்டா அப்படி என்னதான் ஆவும்?” எலுமிச்சம்பழமும் சோடாவும் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன். புளிப்பு என்றால் என்ன, அதை முறிப்பது என்றால் என்ன, வாடை எப்படிக் கட்டுப்பட்டு இருக்கும், எப்படி விடுபடும். இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். முழுவதும் கேட்டுவிட்டு, “இம்புட்டுத் தெரிஞ்சவளுக்கா நான் ஆப்பத்துக்குச் சோடா எவ்ளோன்னு சொல்லிக் குடுத்தேன்?” என்றார்.

அந்தப் பெயரை அழித்துவிடு. கடிதம் கிடைத்த அன்றே. உன் சார் கேட்டால் சஃபீனாவே சொன்னாள் என்று சொல். உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, அதற்காக அதை அங்கே விட்டுவைக்கக் கூடாது.

அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடு. ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு, கவருக்குள் வைத்து அனுப்பு. டேங்க், கிளாஸ் எதுவும் படத்தில் விழ வேண்டாம். என் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும்.

உன்
சஃபீனா