பதினோராம் கானுக்கு மேல் மேடை

மூங்கில்மலைத் தோட்டம், மேற்பிரிவு,
கொத்மலை.
2024.10.21

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அப்பா வைரவன் சொல்லச் சொல்ல, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஜெயந்தினி எழுதுவது. உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காதுதான் மோசம். போனில் நீ பேசினால் தகர டப்பாவுக்குள் குளவி இரைகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடுதாசி. தீபாவளிக்கு வர முடியாது என்றாயாம். உன் அம்மா மனோரஞ்சிதம் இருந்திருந்தால் வந்திருப்பாய். குறையாகச் சொல்லவில்லை, மனதில் பட்டதைச் சொன்னேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நீ எழுதும் பக்கத்தை ஜெயந்தினி வாசித்துக் காட்டினாள். வருகிற மாதம் பதினேழாம் திகதி எல்லாரும் மூங்கில்மலை விழாவுக்குப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். கோகுலராஜின் வாலிபர் சங்கம்தான் விழாவை நடத்துகிறது. அவன் பெக்கோ மிசின் கொண்டுவந்து நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே நிலத்தைச் சமமாக்கி மேடை போட்டுவிட்டான். ரெஸ்லிங்குக்குக் கயிறு கட்டிய ரிங்கும் நிற்கிறது.

அந்த இடத்தில் பதினோராம் கான் போகிறது தாயி. மலையில் இறங்கும் மழைத் தண்ணீரைக் குறுக்கே வாங்கி ஓடையில் விடுவதற்கு வெட்டிய கான். நாற்பது வருசம் கான் வெட்டியவன் நான். இந்த மலையில் எத்தனை கான், எது எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவன் அதை மண்ணைப் போட்டு மூடிவிட்டான். இனி மழைத் தண்ணீர் வெளியே போகாது, மலைக்குள்தான் போகும். மலையின் அடியில் எங்கள் ஆறு வீடு இருக்கிறது.

நீ சொன்னால் சனம் கேட்கும். போக வேண்டாம் என்று மாற்றி எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
வைரவன் (கைநாட்டு)


கொழும்பு 6
2024.10.26

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கைநாட்டு மை காயும் முன்பே மடித்துவிட்டீர்கள் போல, இரண்டு பக்கமும் உங்கள் விரல்தான்.

தோட்டக் காரியாலயத்தில் விசாரித்தேன். வரைபடத்தில் அந்த இடத்தில் கான் எதுவும் இல்லை என்கிறார்கள். கோகுலராஜும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறான்.

அப்பா, கோபிக்க வேண்டாம். நான் அந்தப் பக்கத்தில் ஐந்து விசயங்களைச் சிபாரிசு செய்திருந்தேன். ஒரு ரயில் கார்டின் மனைவியைப் பற்றிய புது நாவல். உப்பளத்தில் எடுத்த ஒரு சினிமா. ஹட்டன் பிள்ளைகள் கையால் வரைந்து செய்த கார்ட்டூன் படம், அதில் ஒரு சிறுத்தைக் குட்டி கொழுந்து பறிக்க வருகிறது. கோகுலராஜ் பையன்களின் ரெஸ்லிங். ஐந்தாவது ஒரு நாடகம். அதை எழுதியது யாரென்று நான் பேப்பரில் போடவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அது என்னுடையது. என் முதல் நாடகம், நான் பிறந்த தோட்டத்தில், அந்த விழா மேடையில் நடக்கப்போகிறது.

பதினேழு வயதில் பள்ளிக்கூட மேடையில் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தீர்கள். பாதி வசனம் வாயில் இருந்தது. அன்றைக்கும் "பயமா இருக்குடி" என்றுதான் சொன்னீர்கள். இப்போது கானைக் காரணம் காட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

மருந்தைத் தவறாமல் குடியுங்கள். ஜெயந்தினியின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
தர்ஷிகா


மூங்கில்மலை
2024.11.02

அன்பு மகளுக்கு,

நீ சொன்னது உண்மை. அன்றைக்கு உன்னை இழுத்துக்கொண்டு வந்தது தப்புதான். லயத்து வாய்களை நினைத்துப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இது மண்ணைப் பார்த்து வருகிற பயம். இதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். எழுதும்போது ஜெயந்தினி அழுகிறாள், எழுத்துக் கோணியிருந்தால் அவளைத் திட்டாதே.

அறுபத்தேழாம் வருசம் எனக்குப் பதினெட்டு வயது. தீபாவளி நாடகத்துக்குச் சமமான இடம் வேண்டும் என்று, வேலையை மேற்பார்க்கும் அன்றைய கண்டாக்கையா சொன்னார். இதே இடம்தான். கானை மூடச் சொன்னார். மூடியது ஏழு பேர். அதில் நான் ஒருவன். மண்ணைப் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினோம். நாடகம் நல்லபடியாக நடந்தது. நாலாம் நாள், ஆளெல்லாம் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம், மழையில் மண் சரிந்து மலை இறங்கியது. லயத்தில் வேலைக்குப் போக முடியாத கிழடுகளும் கைக்குழந்தைகளும்தான் இருந்தார்கள். பதினான்கு பேர். அவர்கள் பேரை ஒவ்வொரு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். கடைசிப் பேர் அழகுமுத்துவின் பிள்ளை. அதற்கு இன்னும் பேர் வைக்கவில்லை, "அழகுமுத்து புள்ள" என்றுதான் சொல்லுவேன்.

அப்புறம் கானை முன்னைவிட ஆழமாக வெட்டினோம். யார் மூடச் சொன்னது என்ற கேள்வி வந்துவிடும் என்று வரைபடத்தில் போடாமலே விட்டார்கள். நாங்கள் ஏழு பேரும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு மிச்சம் நான்தான்.

அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு வந்திருக்கிறது. உன் படம் போட்ட பேப்பர் பக்கத்தைக் கீலமாக வெட்டி, சோற்றுப் பசை தடவி, அது விரிகிறதா என்று பார்க்கக் குறுக்கே ஒட்டினேன். ஆறே நாளில் கிழிந்துவிட்டது. உன் கழுத்துக்குக் கீழே கிழிந்திருக்கிறது. உரித்து இதோடு அனுப்புகிறேன். பீலியில் வரும் தண்ணீரும் சிவந்துபோய் வருகிறது.

உன் அப்பா
வைரவன் (கைநாட்டு)


கொழும்பு 6
2024.11.08

அப்பா,

அந்தக் காகிதத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையால் கிழித்தால் விளிம்பு அப்படி இருக்காது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிந்த மாதிரி, நார் நாராக இருக்கிறது.

நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பயப்படுகிறேன். இந்த ஞாயிறு என் பக்கத்தில் இப்படி வரும்: மூங்கில்மலை விழாவுக்கு யாரும் போக வேண்டாம், இடம் ஆபத்தானது, அங்கே நடக்கும் நாடகத்தை எழுதிய நானே இதைச் சொல்கிறேன்.

ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. கோகுலராஜ் போனில் கத்தினான். "ஒரு தாத்தா சொன்னாருன்னு நாலு மாசத்து வேலய ஒரு வரியில அழிச்சிட்டீங்களே அக்கா. உங்க நாடகத்துக்குத்தானே பையன்க மழையில நனைஞ்சி பழகுனாங்க" என்றான்.

பதினான்கு பேரின் பெயரையும் அடுத்த கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். உங்களோடு சேர்ந்து இன்னொருத்தருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

தர்ஷிகா


மூங்கில்மலை
2024.11.17

அன்பு மகளுக்கு,

இன்றைக்குத்தான் விழா நாள். வெளியூரிலிருந்து ஒருத்தரும் வரவில்லை, விழாவும் நடக்கவில்லை. காலையிலிருந்து நல்ல வெயில். பொட்டு மழை இல்லை. கோகுலராஜ் வாசலுக்கு வந்து நின்று, "குடை வேணுமா தாத்தா, நனஞ்சிடப் போறீங்க" என்றான். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அது போகட்டும். பெரிய தப்பு ஒன்றைச் செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி ரிங் கயிற்றில் கம்பளி காயப்போட்டிருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். அவளிடம் போய், இருபத்தைந்தாம் திகதிக்கு மேலே பெருமழை என்று ரேடியோவில் சொன்னதாக ஜெயந்தினி சொல்கிறாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றேன். அவள் கம்பளியை உதறிக்கொண்டே சொன்னாள்:

"மழை வரும்னு விழாவ நிப்பாட்டுனீங்க. வெயில் காயுது. இப்ப லயத்தையே காலி பண்ணச் சொல்றீங்க. நாளைக்கு என்ன மாமா, சோறாக்க வேணாம்னு சொல்லுவீங்களா?"

ஆறு வீட்டிலும் அதே பேச்சுதான். இப்போதுள்ள கண்டாக்கையாவும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சொல்லுக்கு இருந்த மதிப்பை விழாவுக்காகச் செலவழித்துவிட்டேன். சனத்துக்காக வைத்திருக்க வேண்டும். இனி நான் என்ன சொன்னாலும் இந்த வெயிலைத்தான் காட்டுவார்கள்.

இரண்டு மணித்தியாலம் மண்வெட்டி பிடித்துக் கானைத் திறக்கப் பார்த்தேன். ஒரு முழம்தான் முடிந்தது. வெடிப்புக்குள் இப்போது பெருவிரல் நுழைகிறது. அடுப்படிக் கதவு சட்டத்தில் சேரவில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை தாயி. நீ கேட்ட பேர்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன.

அப்பா
வைரவன் (கைநாட்டு)


கொழும்பு 6
2024.11.21

அன்புள்ள அப்பா,

பெயர்களை வாசித்தேன். இரண்டு இரவாக யோசித்தேன்.

லயத்து ஆட்களைப் பயம் காட்டிக் கூப்பிட வேண்டாம். வேடிக்கைக்குக் கூப்பிடுவோம். நின்றுபோன விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கட்டும். பள்ளிக்கூடம் விடுமுறை, அதிபர் சம்மதித்துவிட்டார். கோகுலராஜிடம், "நீ எங்க அப்பாவ நம்ப வேணாம். ரிங்கைக் கழட்டிக்கிட்டு ஆத்தத் தாண்டிப் போ, அது போதும்" என்றேன். அங்கே ஸ்பீக்கருக்குக் கரண்ட் இருக்குமா என்று கேட்டான். சரி என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஞாயிறு மாலை உப்பளத்துச் சினிமா. முதல் பாதி மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திங்கள் சிறுத்தைக் குட்டிக் கார்ட்டூன், பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்பார்கள், போடுங்கள். செவ்வாய் என் நாடகம். புதன் ரெஸ்லிங். ஒவ்வொரு நாளும் எல்லாம் முடிந்த பிறகு ஜெயந்தினி அந்த நாவலை வாசிக்க வேண்டும். அடுத்தது என்ன என்று கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும், யார் கெஞ்சினாலும் திறக்கக் கூடாது. சோறும் பருப்பும் அங்கேயே. பாய், கம்பளி எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள். இருட்டில் ஆற்றுத் தொங்குபாலத்தில் திரும்பிப் போக ஒருத்தருக்கும் மனம் வராது.

படமும் புத்தகமும் இந்தக் கடிதமும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை நான் வந்துவிடுவேன்.

தர்ஷிகா


பள்ளிக்கூட மண்டபம்,
மூங்கில்மலை
2024.11.27

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

பாதை மூடிவிட்டார்கள், நீ கம்பளையில் சிநேகிதி வீட்டில் இருக்கிறாய் என்று செவ்வாய் காலை கோகுலராஜின் போனுக்குச் சேதி வந்தது. அதற்குப் பிறகு போனும் செத்துவிட்டது. அங்கேயே இரு. வர முயற்சி செய்யாதே. பாதை திறந்ததும் ஜெயந்தினி இதைத் தபாலில் போடுவாள்.

ஆறு வீட்டு ஆளும் வந்தார்கள், இருபத்தேழு பேர். கடைசியாக வந்தது நாகலெட்சுமி. சினிமா என்றதும் பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டன, அவள் முனகிக்கொண்டே பின்னால் வந்தாள். திங்கட்கிழமை சாயந்தரம் மழை பிடித்தது. இன்றைக்கு மூன்றாம் நாள், ஒரு நிமிசம் விடவில்லை. தொங்குபாலத்துக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் போகிறது.

சினிமாவின் முதல் பாதியில் பாதிப்பேர் தூங்கினார்கள். சிறுத்தைக் குட்டியை நாலு முறை போட்டோம். உன் நாடகம் நேற்று நடந்தது. எனக்கு வசனம் கேட்காது என்று ஜெயந்தினி பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பொம்பிளை தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அப்போது மண்டபமே அசையவில்லை. மழைச் சத்தம்கூட நின்ற மாதிரி இருந்ததாம். நான் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

ரெஸ்லிங் இன்றைக்கு முடிந்தது. நாவலும் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வாசி என்று ஆளாளுக்குக் கேட்டு, ஜெயந்தினி இரக்கப்பட்டுவிட்டாள். அவள் அழுத்தக்காரி இல்லை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலை இன்னும் இறங்கவில்லை. அதுதான் என் பயம். இங்கே சன்னலில் நின்றால் லயத்துக் கூரை முழுசாகத் தெரிகிறது, எல்லாருக்கும் தெரிகிறது. மேடை போட்ட இடத்தில் தண்ணீர் குளம்போல் நிற்கிறது, அதை மட்டும் அநேகம் பேர் பார்ப்பதில்லை. இன்றைக்குச் சாயந்தரம் நாகலெட்சுமி பாயைச் சுருட்டினாள். "வேடிக்கையெல்லாம் முடிஞ்சிருச்சி மாமா. கோழி பட்டினி கெடக்கு. விடிஞ்சதும் போறோம்" என்றாள். அவள் போனால் மற்ற ஐந்து வீடும் போகும்.

கோகுலராஜ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனும் இரண்டு நாளாக அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கேலி பேசுவதை விட்டுவிட்டான். நான் எழுந்து ரிங்குக்குள் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளைக்குக் காலையில் எனக்கும் கோகுலராஜுக்கும் ரெஸ்லிங் என்று சொன்னேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவன் சட்டென்று ரெஸ்லிங் முகமூடியை மாட்டிக்கொண்டு, "தாத்தா, ஒங்களத் தூக்கிப் போட்டு பெரட்டி எடுக்கிறேனா இல்லயா பாருங்க" என்று கையை ஓங்கினான். நாகலெட்சுமியின் சின்ன மகள் சிரிப்பு தாங்காமல் தரையில் உருண்டாள். எழுபத்தைந்து வயதுக் கிழவன் அடி வாங்குவதைப் பார்க்காமல் யார் போவார்கள்?

நாகலெட்சுமி பாயைத் திரும்ப விரித்துவிட்டாள்.

இடுப்பில் கட்ட ஜெயந்தினி அவளுடைய சிவப்புத் துண்டைத் தந்திருக்கிறாள். கூரையில் மழை இன்னும் அடிக்கிறது. நாளைக்கு நான் சீக்கிரம் தோற்றுவிடக் கூடாது.

உன் அப்பா
வைரவன் (கைநாட்டு)