சின்னத் திருக்கையின் பல்வரிசை

நாள் 212, காலை 6.00
கடலடி நிலையம், மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே. வெளிக்கடலின் வெப்பம் இன்றும் கூடியிருக்கிறது. வெளியே திருக்கை எதுவும் மிஞ்சவில்லை. உள்ளே இரண்டு தொட்டிகளிலும் குளிர் சரியாக உள்ளது. முதல் தொட்டியில் பெரியவை, இரண்டாவதில் சின்னவை. நிறம், முள், வால் எல்லாம் ஒன்றே. வேறுபாடு மேல்தாடையில் மட்டும்: பெரியதற்குத் தொண்ணூறு பல்வரிசை, சின்னதற்கு ஐம்பத்து நான்கு.

சின்னது பெரியதன் குட்டிதான், வளர வளரப் பல் கூடும் என்று என் கணவர் கஸ்பார் சாகும்வரை சொன்னார். தனி இனம் என்பது என் கட்சி.

நாள் 214, பகல் 12.30
ஊடுகதிர்ப் படத்தில் சின்னது ஒன்றின் வயிற்றில் முட்டைப்பை தெரிகிறது. குட்டிக்கு முட்டை உருவாகாது. ஆகவே அது முழுமையாக வளர்ந்த மீன், தனி இனம். நான் சொன்னதே சரி. இங்கே சொல்ல ஆள் இல்லை.

நாள் 215, காலை 9.15
மின்கலம் வெடித்தது. காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. மேலே கப்பலிலிருந்து ரெமிஜியுஸ்:

"மேடம், சாயங்காலம் கூண்டு இறக்குறோம். ஒரே தடவதான். ரெண்டு தொட்டி ஏத்தலாம், இல்லன்னா ஒரு தொட்டியும் நீங்களும். அதுக்கு மேல எடை தாங்காது."

ஒரே தொட்டியில் சேர்க்க முடியாது. பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

காலை 10.00
மறுபடி ரெமிஜியுஸ்:

"ரெண்டும் ஒண்ணுதான்னு கஸ்பார் சார் எழுதியிருக்காருல்லா? நீங்களும் ஒரு வரி எழுதிட்டு, பெருச மட்டும் ஏத்திட்டு வாங்க. பாவம் மனுசன், செத்த பெறவாவது உங்ககிட்ட ஒரு தடவ ஜெயிக்கட்டும் மேடம்."

முட்டைப்பையைப் பற்றி நான் சொல்லவில்லை.

மாலை 4.00
அறிக்கை அனுப்பினேன்: "ஒரே இனம். ஒரு தொட்டி போதும்." எழுத்துப்பிழை பார்த்துவிட்டே அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"வெரி குட் மேடம். சார் பேர்லயே பதிஞ்சாச்சு."

மாலை 5.10
கூண்டு வந்துவிட்டது. பெரியவற்றை ஏற்றியாயிற்று. நான் கூண்டுக்குப் போக, கதவை இன்னொரு முறை திறந்து மூட மின்சாரம் போதவில்லை. அதற்காக இரண்டாம் தொட்டியின் குளிரூட்டியை நிறுத்தினேன். இந்தக் குறிப்பேட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். கண்டெடுப்பவருக்கு: இந்தத் தொட்டியில் கிடப்பவை தனி இனம். அறிக்கை பொய்.

ரெமிஜியுஸ் அவசரப்படுத்துகிறான். முட்டை சுமப்பது கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு என் பக்கம் வாயைத் திறக்கிறது. தினமும் பல் எண்ணக் காட்டிய பழக்கம். எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து