உறுதி என்று குறித்தேன்

தம்பிக்கு,

பன்னிரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச அல்ல.

ஐம்பத்திரண்டு வயதில் கல்லூரியில் அறிதல் உளவியல் படிக்கிறேன், சிரித்துக்கொள். நேற்று பேராசிரியை கட்டில், தலையணை, கனவு, கொட்டாவி என்று பதினைந்து சொற்களை வாசித்துவிட்டு, கேட்டவற்றை எழுதச் சொன்னார். 'தூக்கம்' என்று எழுதி, பக்கத்தில் 'உறுதி' என்றும் குறித்தேன். அவர் அந்தச் சொல்லை வாசிக்கவே இல்லை; மற்றவை எல்லாம் தூக்கத்தைச் சுற்றிய சொற்கள் என்பதால் மனமே அதைச் சேர்த்துக்கொண்டதாம்.

"அங்கிள், நீங்களுமா? நல்லா ஏமாந்தீங்க!" என்றாள் பக்கத்து மாணவி. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

அப்பாவின் கடைசி நாளில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று அம்மாவிடம் நீ சொன்னாய்: "அண்ணனுக்குச் சொல்லாதீங்கம்மா. வந்தாலே சண்டைதான்." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ சத்தியம் செய்து மறுத்தும் நான் நம்பவில்லை. உன் கல்யாணத்துக்கும் வரவில்லை.

ஆனால் நான் ஊர் வந்து இறங்கியபோது அப்பாவை அடக்கம் செய்து முடித்திருந்தீர்கள். அந்த வராண்டாவை நான் பார்த்ததே இல்லை. அப்படியானால், நீ சொன்னதை எங்கே நின்று கேட்டேன்?

அம்மாவும் போய்விட்டாள். கேட்க உன்னை விட்டால் ஆளில்லை. திட்டியாவது இரண்டு வரி எழுது.

நீ அதைச் சொல்லித்தான் இருக்க வேண்டும், தம்பி. சொல்லவில்லை என்றால் இந்தப் பன்னிரண்டு வருடத்தை நான் என்ன செய்வேன்?

அண்ணன்