புளூபேர்டா, மஸ்டாவா

14 ஜூலை 1981, செவ்வாய்

மழை. மோட்டார் சைக்கிளில் மூன்று பேரும் நனைந்துகொண்டே புந்தோங் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். எங்கள் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மகள் லீலா மட்டும் பாதிதான் நனைந்தாள். ஏழு வயதாகிறது, இனி நடுவில் கொள்ளமாட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே இவர் சொன்னார்: "போதும்லா மணி. ஒரு காடி வாங்கிடுவோம்."

கல்யாணமான நாள் முதல் இவர் வாயிலிருந்து வந்த மிக அழகான வாக்கியம் இதுதான்.

18 ஜூலை, சனி

காலையில் டத்சன் புளூபேர்ட் கார் பார்த்தோம். பசியாறிவிட்டு மஸ்டா 626. இரண்டுக்கும் நாலு கதவு, இரண்டிலும் ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், இரண்டிலும் ஒரே புது ரெக்சின் வாசம். சிகரெட்டே பிடிக்காத மனிதர், இரண்டு காடியிலும் ஆஷ்ட்ரேயை இழுத்து இழுத்துத் தள்ளிப் பார்த்தார். மாப்பிள்ளை பார்ப்பவர்கள்கூட இவ்வளவு சோதிக்கமாட்டார்கள்.

மஸ்டா கடையில் இவர் வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். கால் எட்டியது. முன்கண்ணாடிக்கு அப்பால், கடையின் கண்ணாடிக்கும் அப்பால், சுண்ணாம்பு மலை தெரிந்தது. பார்க்கப் பார்க்க மலை மெல்ல என் பக்கம் நகர்ந்து வந்தது. காடி நின்றுகொண்டுதான் இருந்தது.

"என்னா மணி, அங்க போயி உக்காந்துட்டே? உன் எடம் இந்தப் பக்கம்லா" என்றார்.

மலை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

20 ஜூலை, திங்கள்

புளூபேர்ட் என்கிறார். மஸ்டா என்கிறேன். காரணம் கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை.

21 ஜூலை, செவ்வாய்

தமிழ்ப்பள்ளிகளைக் கவனிக்கும் அமைப்பாளர் தம்பிமுத்து ஐயா இன்று எங்கள் பள்ளிக்கு வந்தார். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியர் வருட முடிவில் ஓய்வு பெறுகிறாராம். "உங்க பேரத்தான் நினைச்சு வச்சிருக்கேன் டீச்சர். ஆனா பஸ் போகாத எடம். மெயின் ரோட்டுல இருந்து செம்மண் பாதை. போக்குவரத்துக்கு என்ன செய்வீங்க? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க."

தலைமையாசிரியை நவமணி. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகள் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் அந்தச் செம்மண் பாதையில் காடி ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பால் மரங்கள். பாதி மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருப்பார்கள் என்று தெரியும், என் பாதையில் யாரும் வெட்டவில்லை. பனி விலக விலகப் போய்க்கொண்டே இருந்தேன். "டீச்சர், முடிச்சிட்டோம்" என்று பிள்ளைகள் சொன்னபோது பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

22 ஜூலை, புதன்

சொன்னேன். இவர் கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தார்.

"நான் வேலைக்குப் போற ஆளு. தெனமும் உன்னைக் கொண்டு போயி விட முடியுமா?"

"நான் ஓட்டக் கத்துக்கிறேன்."

"நீயா?" சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "பொம்பளை தனியா தோட்டத்துக்குள்ள, செம்மண்ணுல... வேணாம்லா மணி. காடி குடும்பத்துக்கு வாங்குறது."

நான் எந்தக் குடும்பம்? அடுத்த வீட்டுக் குடும்பமா? போய்யா. இன்றைக்கு ரசம் மட்டும்தான்.

23 ஜூலை, வியாழன்

காடிச் சண்டைக்கு இவரே வழி சொன்னார். நாளை ஆடி வெள்ளி, அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. சிவப்பு வந்தால் புளூபேர்ட், வெள்ளை வந்தால் மஸ்டா. லீலா எடுக்கட்டும், குழந்தை கை பொய் சொல்லாது என்றார். வாழையிலை கிழித்து இவரே பொட்டலம் கட்டுகிறார். சாமி காரியத்தில் இவ்வளவு சுறுசுறுப்பை நான் கண்டதில்லை.

நானும் மனசுக்குள் ஒன்று வைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தால், அவர் ஆசைப்பட்ட காடி அவருக்கு, நான் ஆசைப்பட்ட பள்ளிக்கூடம் எனக்கு. வெள்ளை வந்தால் மஸ்டாவோடு வாயை மூடிக்கொள்வேன். மஸ்டாவும் வேண்டும் பள்ளிக்கூடமும் வேண்டும் என்றால் பேராசை. அம்மனுக்கும் ஒரு நியாயம் இருக்குமில்லையா?

24 ஜூலை, வெள்ளி

சிவப்பு.

லீலா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பூசாரி பிச்சைமுத்து பிரித்துக் காட்டினார். இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். மஸ்டா போன துக்கம் என்று நினைத்து, "விடு மணி, அம்மா சொல்லிட்டா" என்று என் முதுகைத் தட்டினார்.

மாலை

இதை எப்படி எழுதுவது? எடுக்காமல் போன பொட்டலத்தையும் பூசாரி பிரசாதமாக என் கையில் கொடுத்திருந்தார். வெள்ளைப் பூவைத் தலையில் வைக்கலாம் என்று அடுப்படியில் பிரித்தேன்.

அதுவும் சிவப்பு.

அடப்பாவி மனுஷா. சாமிகிட்டயேவா? பெத்த பிள்ளை கையை வச்சா?

சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது. இவர் புளூபேர்டுக்கு அம்மன் உத்தரவு கிடையாது. அப்படியானால் எனக்கும் கிடையாது. எனக்குச் சரி சொன்னது யார்? யாருமே சொல்லவில்லை. அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பால் மரங்கள் வந்தன, பனி வந்தது. யாரும் சொல்லாவிட்டால் என்ன? நான் சொல்கிறேன். போகிறேன்.

25 ஜூலை, சனி

பசியாறும்போது சொன்னேன். "என்னாங்க, நேத்து அதே பூவுல நானும் ஒண்ணு கேட்டேன். சிவப்பு வந்தா பள்ளிக்கூடத்தை ஏத்துக்கிட்டு, காடி ஓட்டக் கத்துக்கிறதுன்னு."

தோசை பாதி வழியில் நின்றது. "ஒரே பூவுல ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

"ஏன் கூடாது? அம்மா சன்னிதியில வந்த பூ. பொய்யாவா போகும்?"

என்னைப் பார்த்தார். நான் சட்னி ஊற்றினேன். பூ செல்லாது என்று சொல்ல வேண்டுமானால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். கடைசியில், "சாமி விஷயம். நான் என்னா சொல்றது" என்றார்.

இன்னொரு தோசை வைத்தேன். பாவம்.

27 ஜூலை, திங்கள்

தம்பிமுத்து ஐயாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

9 செப்டம்பர், புதன்

காடி வந்துவிட்டது. வெளிர் நீலம். எலுமிச்சம்பழம் நசுக்கிக் கோயிலைச் சுற்றி வந்தோம். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா, "மஸ்டான்னுதானே சொன்னே?" என்றார். அது மஸ்டா இல்லை என்று வெளியிலிருந்து பார்த்தால் எனக்கே தெரியாது.

17 அக்டோபர், சனி

ஓட்டப் பழக்கும் சீன அம்மாள் நாற்பது தடவை "பெலான்-பெலான்" என்கிறார். மெதுவாகத்தான் போகிறேன். இதற்கு மேல் மெதுவாகப் போனால் இறங்கித் தள்ள வேண்டும்.

7 நவம்பர், சனி

பரீட்சையில் தேறவில்லை. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பின்னால் உருண்டுவிட்டது. இவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சாயங்காலம், "வா" என்று கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குக் கூட்டிப் போனார். இருட்டும்வரை ஏற்றி இறக்கினேன். தன் பக்கம் பிரேக் இல்லை என்பதை மறந்து காலை ஊன்றி ஊன்றி மிதித்துக்கொண்டிருந்தார்.

5 டிசம்பர், சனி

லைசென்ஸ் கிடைத்தது!

4 ஜனவரி 1982, திங்கள்

முதல் நாள். விடியும்போது இவர் காடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, லீலாவை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "பாத்துப் போ" என்றார்.

செம்மண் பாதையில் பால் மரம் கொஞ்சம்தான் மிச்சம். மற்றதெல்லாம் இளம் செம்பனை. பரவாயில்லை, பனி இருந்தது. நான் கனவு காணவில்லை, கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் பையை வாங்கிக்கொண்டு, காடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டாள்.

"டீச்சர், உங்க டிரைவர் எங்க?"

"நான்தான்லா டிரைவர்."

நம்பவில்லை. எக்கி நின்று, ஜன்னல் வழியே உள்ளே ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள்.