களத்துக்குப் போன வானொலி

பெப். 13, சனி

காலையில் மந்தாரம். பத்து மணிக்குத்தான் வெயில். வானொலிப் பற்றரி ஆறையும் கழற்றி, மனைவி இராசம் மிளகாய் காயப்போட்ட பாயின் ஓரத்தில் வைத்தேன். வெயில் குடித்தால் இன்னும் ஒரு கிழமை இழுக்கும். "மிளகாயோடை சேர்த்து இடிச்சுப்போடுவன், பாத்து எடுங்கோ" என்றாள்.

மாலைச் செய்திக்குப் பிறகு வானொலியில் நாலாவது பேச்சு. 'ஆங்கிலப் பேய்க்கதைகள்.' அடுத்த சனியோடு சரி.

எப்படிப் பேசுகிறார் அந்த மனுசன். குரலை உயர்த்துவதேயில்லை. ஒவ்வொரு கிழமையும் இடிந்த கோட்டை ஒன்றிலிருந்துதான் தொடங்குவார், அதனால் இராசம் அவருக்கு வைத்த பெயர் கோட்டை மாஸ்ரர். இன்று படிக்கட்டு. சுரங்கத்துக்குள் இறங்கும் படிக்கட்டு, கையில் மெழுகுதிரியோடு ஒரு பெண். திரி அணைகிறது. அங்கே நிறுத்திவிட்டு, அந்தக் காலத்தில் இதை எழுதியவர்கள் யார், வாங்கி வாசித்தவர்கள் யார் என்று நிதானமாக விளக்குகிறார். இராசம் என் கையைப் பிடித்தபடி. "அந்தப் பிள்ளையை இருட்டுக்கை விட்டிட்டு இந்தாள் என்ன கதை கதைக்கிறார்?"

முடிவில் சொன்னது: "பேயை நம்பாத காலத்தில், நம்பாதவர்கள் எழுதி, நம்பாதவர்கள் வாசித்த கதைகள் இவை. அப்படியானால் நம்பாதவனுக்கு ஏன் பயம் வருகிறது? அடுத்த கிழமை பார்ப்போம்."

நான் நம்பாதவன். எனக்காகவே கேட்ட கேள்வி.

பெப். 14, ஞாயிறு

வெயில். வாய்க்கால் துப்புரவு. முதுகு பிடிப்பு.

மறக்குமுன் குறிப்பு. பேய்க்கதைக்கு வேண்டியவை, கோட்டை மாஸ்ரர் சொன்னபடி:
பழைய கட்டடம்.
பூட்டின அறை ஒன்று.
மழை, காற்று.
உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசிவரை சொல்லாமை. இதுதான் பெரிது என்றார். கண்டபின் அருவருப்பு, காணுமுன் பயம்.

எங்களிடம் இருப்பது மழை மட்டும். குடியேற்ற வீடு, ஓர் அறை, ஒரு குசினி. பூட்டி வைக்க ஆளும் இல்லை, பூட்டும் இல்லை. இராசத்திடம் சொன்னேன். "அலுமாரிக்குள்ளை உங்களைப் பூட்டலாம்" என்றாள்.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரண்டு வருடம். முதல் வருடம் வெள்ளத்தோடு போனது, போன வருடம் பன்றியோடு. இந்தமுறைதான் வெட்டின கதிரைச் சூடாக அடுக்கி வைக்கும் அளவுக்கு நெல் வந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது வராத சந்தோசம் இந்த மனுசனின் பேச்சைக் கேட்கும்போது வருகிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

பெப். 16, செவ்வாய்

வடகிழக்கில் கறுப்பு. மாசி மழை வந்தால் சூடு நனையும், நெல் முளைத்துவிடும். சூடு மிதிக்க ஆள் தேடி நெடுங்கேணிக்குச் சைக்கிளில் போனேன். டிரக்டர்காரர் கிடைக்கவில்லை. எருமைக்கடா வைத்திருக்கும் வேலனைப் பிடித்தேன். இந்த மண்ணிலேயே பிறந்தவன், என்னைவிட இரண்டொரு வயது குறைவு.

"சனி பின்னேரம் எண்டால் வாறன் அண்ணை. அதை விட்டால் இனி அடுத்த கிழமைதான்."

சனி பின்னேரம். கடைசிப் பேச்சு. வேறு வழியில்லை, ஓம் என்றேன்.

பிறகு களத்து ஒழுங்குகளை அடுக்கினான். செருப்போடு ஏறக்கூடாது. 'முடிஞ்சுது', 'இல்லை', 'போதும்' ஒன்றும் வாயில் வரக்கூடாது. எல்லாத்துக்கும் 'பொலி'தான், பெருகட்டும் என்று. எத்தனை மூடை என்று சத்தமாக எண்ணக்கூடாது. 'அதுகளின்ரை' பெயர் எடுக்கவே கூடாது.

"எதுகளின்ரை?"

"அண்ணை, அதைத்தானே எடுக்கக்கூடாது எண்டு சொல்லுறன்."

நெல்லை அள்ளிக்கொண்டு போக வரும் பூதங்களாம். நான் சிரித்தேன். வேலன் சிரிக்கவில்லை.

பெப். 18, வியாழன்

காற்று. மழை இல்லை.

வீட்டில் சண்டை, வானொலியால். இராசம் சொல்வது: "நான் வீட்டிலை இருந்து கேட்டிட்டு உங்களுக்குச் சொல்லுறன்." நியாயமான கதை. ஆனால் அவள் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'கோட்டை, பெட்டை, செத்துப்போனாள்', அவ்வளவுதான். நாலு பேச்சும் கேட்டு வந்து சேர்ந்த கேள்விக்கு அது போதாது. களத்துக்குக் கொண்டுபோகிறேன், சொல்லுக்குச் சொல் வந்து சொல்கிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரவுச் சாப்பாடு: புட்டு, நேற்றைய குழம்பு. பேச்சு: இல்லை.

பிறகு அவளே வானொலியைத் துவாயில் சுற்றித் தந்தாள். "ஒரு சொல்லு விடாமல் சொல்லவேணும். எனக்கும் அந்தக் கேள்விதான்."

பெப். 20, சனி

களத்திலிருந்து வந்து எழுதுகிறேன். கை எல்லாம் சுணை.

சூட்டை அவிழ்த்துக் களத்தில் பரப்பி, கடாக்களைப் பிணைத்து விட்டாயிற்று. வேலனும் அவன் ஆட்கள் மூன்று பேரும். சுற்றிச் சுற்றி மிதிப்பு, "பொலி, பொலி" என்று பாட்டு. வானொலியைக் கள ஓரப் பாலை மரத்தடியில் வைத்து, செய்தி முடிந்ததும் சத்தத்தைக் கூட்டினேன். எங்கள் மனுசனின் குரல். எவ்வளவு சந்தோசம் எனக்கு.

முதல் வசனம்: "பேய், பிசாசு, பூதம் என்று எந்தப் பெயரால் அழைத்தாலும்..."

பாட்டு நின்றது. கடாக்கள் நின்றன. மூன்று பேரும் களத்தை விட்டு இறங்கி வரம்பில் நின்றார்கள். வேலன் மட்டும் நின்ற இடத்திலேயே, கயிற்றை விடாமல்.

நான் பதறிப்போய்க் குமிழைப் பிழையான பக்கம் திருக்கினேன். சத்தம் இன்னும் கூடியது. மற்றப் பெயர் ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாம் களம் முழுக்கக் கேட்டது. பிறகுதான் நின்றது.

வேலன் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "நல்லாத்தான் கதைக்கிறார் அண்ணை. வேறை இடத்திலை எண்டால் நானும் இருந்து கேட்டிருப்பன். இனி இவங்கள் ஏறமாட்டாங்கள்" என்றான்.

மேலே மழை இருட்டு. பாதி சூடு மிதிபடாமல் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடி மஞ்சளும் கற்பூரமும் எடுத்துவந்தேன். இராசம் காரணம் கேட்டாள், நின்று சொல்ல நேரமில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, ஆட்கள் திரும்ப ஏறியபோது பேச்சு நேரம் போய்விட்டது. மிதிப்பு ஒப்பேறியது. மழை இன்னும் இறங்கவில்லை.

இராசம் படுத்துவிட்டாள். நல்லது. என்ன சொல்வது?

பெப். 21, ஞாயிறு

காலை நல்ல காற்று. தூற்றினோம். நெல் பொலியாகக் குவிந்தது, 'அதுகள்' அண்டாமல் உச்சியில் அரிவாள் ஒன்று குத்தினார்கள். பொழுதுபட அளவு. சாக்குக்குச் சாக்கு வேலன் ஒரு வைக்கோல் துண்டைப் பக்கத்தில் வைக்கிறான், வாயால் எண்ணவில்லை. ஒருவரும் கதைக்கவில்லை. நெல் விழும் சத்தம் மட்டும்.

பாதியில் எங்களுக்குப் பின்னால், வைக்கோல் போர்ப் பக்கம், சரசரவென்று ஏதோ. காற்று அடங்கிக் கன நேரம். அளக்கிற கை நிற்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. எலியாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம். நம்பாதவன் திரும்பிப் பார்த்திருக்கலாம்தானே. நான் பார்க்கவில்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. அப்படிப் பயந்தேன்.

மூடைகளை வண்டியில் ஏற்றி வந்து அறை மூலையில் அடுக்கிய பிறகு இராசம் முன்னால் வந்து இருந்தாள். "கோட்டை மாஸ்ரர் என்ன சொன்னவர்? இனியாவது சொல்லுங்கோ."

ஒரு வசனம்தான் கேட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது, எனக்கும் தாங்கவில்லை. பிறகு களத்தைச் சொன்னேன். பாட்டு நின்றதை, மஞ்சள் தண்ணீரை, அரிவாளை, வாய் திறக்காத அளவை, வைக்கோல் பக்கத்துச் சரசரப்பை. ஒரு சொல் விடாமல். விளக்கைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"என்னெண்டு பாக்கேல்லையே?"

"இல்லை."

விளக்குத் திரியை உயர்த்திவிட்டாள். பிறகு மூலையைப் பார்த்து, "சரி, எத்தினை மூடை?"

வாய் திறந்தேன். வரவில்லை. "பொலி" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூடைக் கணக்கை எழுதத்தான் இந்தக் கொப்பியைத் திறந்தேன். பொலி.