கோடு போட்ட கார்டு

என் குட்டிக்கு,

இந்த வருஷம் தீபாவளி கார்டு யாருக்கும் அனுப்பக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நான் கேட்கல. கார்டுகள்ல செம்பருத்தி அச்சைக் குத்திக் காயவெச்சிட்டு பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தேன். வந்து பார்த்தா, எல்லாப் பூவைச் சுத்தியும் மைக்கோடு. ஓரத்துல நிக்காம, நீ போடற மாதிரியே கொஞ்சம் தள்ளித் தள்ளி.

"நீயே போட்டிருப்பே லா"ன்னு அம்மா சொல்றாங்க. நான் அச்சு, நீ கோடுன்னுதானே எப்பவும்! நீ கோடு போடற பேனாவையும் சவப்பெட்டியில உன் கைக்குள்ளதான் வெச்சு அனுப்பினேன்.

இன்னிக்கு மத்தியானம் வெத்து அட்டை மேல கை வெச்சபடி தூங்கிட்டேன். எழுந்தா, என் விரல்களைச் சுத்திக் கோடு. மை இன்னும் காயல.

கோடு போட்டாச்சுன்னா அனுப்பத் தயார்னு சொல்வியே. என்னை எங்கடி அனுப்பப் போறே?

உன் அக்கா